பெயரில் வாழும் காடு

நுழையும்முன்

சோழநாடு என்றதும் நெல்வயல்களே நம் நினைவில் எழுகின்றன. அவ்வயல்களுக்கு நடுவே 'காடு' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள்ளன. அப்பெயர்கள் நமக்கு எதை உணர்த்துகின்றன? அவை சுட்டும் காட்டை இன்று காண விரும்புவோர் எங்கே செல்ல வேண்டும்? ஒரு காலைப்பொழுதில் எளிதாக நடந்து பார்த்துவிடக்கூடிய சிறு காடு ஒன்றின் வழியாக இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

பெயரும் பொருளும்

காவிரிப் படுகையின் ஊர்ப்பெயர்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். திருவெண்காடு, திருச்சாய்க்காடு, தலைச்சங்காடு, தலையாலங்காடு, திருமறைக்காடு எனப் பட்டியல் நீளும். திருமறைக்காடே வேதாரண்யம் என்று வழங்குகிறது. மறை என்பது வேதம். காடு என்பது ஆரணியம். பெயர் வடமொழிக்கு மாறியபோதும் காடு என்னும் பொருள் அதைவிட்டு நீங்கவில்லை.

இவ்வூர்களுக்கு இன்று சென்றால் நாம் காண்பவை கோயில், குளம், கடைத்தெரு, வயல், தோப்பு ஆகியனவே. ஆறு கொண்டுவந்த வண்டலில் ஏர் ஓடிய காலந்தொட்டுக் காடு சிறிதுசிறிதாகப் பின்வாங்கியது. நிலம் மாறியது, பெயர் மாறவில்லை. ஓர் ஊரின் பெயர், அந்நிலம் தன் இளமையைப் பற்றி எழுதிவைத்த குறிப்பாகவும் அமையக்கூடும்.

அக்குறிப்புகளுள் ஒன்று இன்னும் பொய்யாகவில்லை. வேதாரண்யத்திற்குத் தெற்கே, நிலம் கடலுக்குள் முனையாக நீளும் இடத்தில் கோடியக்காடு என்னும் ஊரும் கோடியக்கரை என்னும் ஊரும் உள்ளன. 'கோடி' என்பதற்கு முனை, இறுதி என்பன பொருள். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கிவந்து, இம்முனையில் மேற்கு நோக்கித் திரும்புகிறது. இங்குக் காடு பெயரளவில் நின்றுவிடாமல் வேரும் கிளையுமாக இன்றும் வாழ்கிறது.

மருதத்திலிருந்து நெய்தலுக்கு

ஒரத்தநாட்டிலிருந்து இக்காட்டிற்குப் பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, வேதாரண்யம் வழியாகச் செல்லலாம். தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். இப்பயணமே நிலவியல் பாடம் ஒன்றைக் கற்பிக்கிறது.

ஒரத்தநாட்டு வயல்கள் காவிரிப் படுகையின் பழைய வயல்களைப் போன்றன அல்ல. 1934-இல் மேட்டூர் அணை கட்டிமுடிக்கப்பட்டது. அத்திட்டத்தின் பகுதியாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் தஞ்சாவூரைக் கடந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளுக்கு நீரைக் கொண்டுவந்தது. மக்கள் அதனைப் 'புது ஆறு' என்றே அழைக்கின்றனர். வானம் பார்த்த மேட்டுநிலங்கள் பல அதன் பிறகே நன்செய்யாயின. நிலத்தின் தோற்றம் ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு நம் ஊரே சான்று.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே வயல்கள் குறைந்து தென்னந்தோப்புகள் மிகுகின்றன. முத்துப்பேட்டையை அடைந்தால் காற்றில் உப்பின் மணம் கலக்கிறது. அங்கே கழிமுகத்தில் அலையாத்திக் காடுகள் உள்ளன. வேதாரண்யத்தைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் உப்பளங்கள் விரிகின்றன. அகத்தியம்பள்ளி என்னும் இவ்விடம் விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்றது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து புறப்பட்ட தொண்டர்கள், அம்மாத இறுதியில் இங்கு உப்பெடுத்துச் சட்டத்தை மீறினர்.

மருதத்தில் தொடங்கி நெய்தலில் முடியும் பயணம் இது என்று நாம் எண்ணுகிறோம். உப்பளங்கள் முடியுமிடத்தில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கோடு தெரிகிறது. அருகில் செல்லச்செல்ல அது மரங்களாகிறது. நெய்தலின் மடியில் முல்லை அமர்ந்திருக்கிறது.

உயரம் குறைந்த காடு

மலைக்காடுகளைப் படங்களில் பார்த்துப் பழகியவர்க்கு இக்காடு முதற்பார்வையில் ஏமாற்றம் தரலாம். வானளாவிய மரங்கள் இங்கு இல்லை. அருவி இல்லை, பாறை இல்லை. மரங்கள் பெரும்பாலும் பத்து மீட்டர் உயரத்திற்குள் அடங்கிவிடுகின்றன. கடற்காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் அவை இன்னும் தாழ்ந்து, யாரோ கத்தரித்துவிட்டதைப்போல் சாய்வாக நிற்கின்றன. இடையிடையே முட்புதர்களும் கொடிகளும் பின்னிக்கிடக்கின்றன. இத்தகைய குறுங்காட்டை நம் முன்னோர் 'இறும்பு' என்றனர்.

அறிவியலார் இதனை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வகைப்படுத்துவர். இப்பெயரில் ஒரு முரண் இருக்கிறது. உலர்ந்த நிலத்தில் உள்ள காடு கோடையில் இலையுதிர்ப்பதே இயல்பு. ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் காட்டிற்குப் பெருமழை வேண்டும். கோடியக்கரையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்கிறது. அதன்பின் பல மாதங்கள் வறட்சியே. இருந்தும் இம்மரங்கள் பசுமையை இழப்பதில்லை.

காரணத்தை அறிய ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தால் போதும். அது தோலைப்போல் தடித்திருக்கும். மேற்புறம் மெழுகு பூசியதுபோல் மின்னும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுவதை அத்தடிப்பும் மெழுகும் தடுக்கின்றன. மழை பெய்யும்போது பெற்றதைச் சேமித்துச் செலவிடும் சிக்கனமே இக்காட்டின் உயிர்.

இவ்வகைக் காடு உலகில் மிகச் சிறிய பரப்பில்தான் உள்ளது. இந்தியாவின் கிழக்குக் கடற்கரையை ஒட்டிய குறுகிய பட்டையிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் அது காணப்படுகிறது. சமவெளியில் இருப்பதால் உழவிற்கும் குடியிருப்பிற்கும் முதலில் அழிக்கப்பட்டதும் இதுவே. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை, கடலூர், விழுப்புரம் ஆகிய மாவட்டங்களில் இது பெரும்பாலும் கோயில் காடுகளாகச் சிறுசிறு துண்டுகளாய் எஞ்சியுள்ளது. கோடியக்கரையில் சற்றுப் பரந்த அளவில் அதனைக் காண முடிகிறது.

கருப்பொருளைக் கண்ணால் காணல்

காட்டிற்குள் செல்லும் மணற்பாதையில் நடப்போம். ஏற்ற இறக்கம் இல்லாத பாதை இது. எவரும் எளிதில் நடக்கலாம். விரைந்து நடப்பவர் கண்ணுக்கு இருபுறமும் ஒரே பச்சையாகத் தோன்றும். மெல்ல நடந்தால் அப்பச்சை பலவாகப் பிரியும்.

மிகுதியாகத் தெரிவது பாலை மரம். உலக்கைப் பாலை என்றும் அதனைக் கூறுவர். அதன் கட்டை மிக வலியது. மஞ்சள் நிறச் சிறு பழங்கள் இனிப்பானவை. தின்றால் உதட்டில் பால் ஒட்டும். ஈழத்தமிழர் பாலைப்பழத்தை இன்றும் விரும்பி உண்கின்றனர். பாலைக்கு அருகில் நாவல் நிற்கிறது. தாழ்ந்த புதர்களில் காரையும் சூரையும் முள்ளோடு காத்திருக்கின்றன. உப்பு மிகுந்த இடங்களில் உகா மரம் வளர்கிறது.

இங்குச் சற்று நின்று, நாம் இலக்கணத்தில் படித்த முல்லைத் திணையின் கருப்பொருள்களை நினைவுகூர்வோம். மரங்கள் எவை? கொன்றை, காயா, குருந்தம். விலங்குகள் எவை? மான், முயல். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்த அச்சொற்கள் இக்காட்டில் உயிரோடு நிற்கின்றன. காயா என்பது இங்குக் காசா என்றும் வழங்கும் சிறுமரம். பூக்கும் காலத்தில் அதன் கிளைகளில் நீலப்பூக்கள் கொத்துக்கொத்தாக மொய்த்திருக்கும். முல்லை நிலத்தின் தெய்வமாகிய மாயோனின் நிறத்திற்குக் காயாம்பூவைப் புலவர்கள் ஏன் உவமையாக்கினர் என்பதை அக்கிளையின்கீழ் நின்றால் எவரும் விளக்காமலே அறியலாம். குருந்தம் என்பது காட்டெலுமிச்சை. அதன் இலையைக் கசக்கினால் எலுமிச்சையின் மணம் எழும்.

கருப்பொருள் என்பது புலவர்கள் கற்பனையில் தொகுத்த பட்டியல் என்று நம்மில் சிலர் எண்ணியிருக்கலாம். காட்டில் நடந்த கண்களே அப்பட்டியலை எழுதின. அம்மரங்களைக் காணாத தலைமுறைக்குக் காயா என்பது வெறும் ஒலியாகிவிடும். காடு அழிந்தால் இலக்கியத்தின் ஒரு பகுதியும் பொருளிழக்கும் என்பதை இங்கே நேரில் உணர்கிறோம்.

தெரிந்து தெளிவோம்

காட்டைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் சில:
கான், கானகம், அடவி – காடு
பொழில் – சோலை
மிளை – காவற்காடு
இறும்பு – குறுங்காடு
புறவு – முல்லைநிலக் காடு

வெளியும் மானும்

மரங்கள் விலகிப் புல்வெளி தொடங்கும் இடத்தில் நடையை நிறுத்த வேண்டும். இங்குதான் இரலையைக் காணலாம். வெளிமான், திருகுமான் என்பன அதன் வேறு பெயர்கள். ஆண்மானின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். அதன் நீண்ட கொம்புகள் முறுக்கியவை. பெண்மான் இளம்பழுப்பு நிறமுடையது. அதற்குப் பொதுவாகக் கொம்பு இல்லை. கூட்டத்தில் ஒன்று அஞ்சித் துள்ளினால் அடுத்தடுத்து எல்லாம் துள்ளும். சங்கப் புலவர்கள் முல்லைப் பாடல்களில் பாடிய இரலை இதுவே.

இரலையின் வாழ்வு புல்வெளியைச் சார்ந்தது. புள்ளிமானைப்போல் அது மரச்செறிவுக்குள் ஒளிந்து வாழ்வதில்லை. தொலைவிலிருந்தே பகையைக் கண்டு, ஓடித் தப்பிப்பது அதன் இயல்பு. அதற்குத் திறந்த வெளி வேண்டும். எனவே, 'மரம் இருந்தால் போதும். காடு காக்கப்பட்டுவிடும்' என்னும் எண்ணம் இங்குப் பொருந்தாது. புல்வெளியும் காட்டின் உறுப்பே. அதனை வெற்றிடம் என்று எண்ணி மரம் நட்டு நிரப்பினால் இரலை தன் வீட்டை இழக்கும்.

இவ்விரலையைக் காக்கவே 1967-ஆம் ஆண்டு கோடியக்கரை வனவிலங்குப் புகலிடம் உருவாக்கப்பட்டது. நாட்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல்தான் இயற்றப்பட்டது என்பதை எண்ணிப்பார்த்தால், அம்முயற்சியின் முன்னோக்கு விளங்கும்.

வானிலிருந்து வரும் விருந்தினரும் உண்டு. 250-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இப்பகுதியில் காணப்பட்டுள்ளன. மழைக்காலம் தொடங்கியதும் சதுப்புநிலத்தில் பூநாரைகள் திரள்கின்றன. காட்டின் நிழலில், வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி சருகுகளைக் கிளறி இரை தேடுகிறது. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு ஒலிப்பதால் மக்கள் அதற்கு அப்பெயரிட்டனர். பறவையியல் அறிஞர் சாலிம் அலி இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்து உலகிற்கு எடுத்துரைத்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்குப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்து வருகின்றனர். 2002-இல் கோடியக்கரையும் அதனை அடுத்த சதுப்புநிலங்களும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்த பகுதி, பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் உடன்படிக்கையின்கீழ் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அத்தகுதி பெற்ற முதல் இடம் இதுவே.

மணலுக்குள் நன்னீர்

காட்டின் நடுவே ஒரு மணல்மேட்டின்மீது இராமர் பாதம் எனப்படும் சிறு மண்டபம் இருக்கிறது. இம்முனையின் மிக உயர்ந்த இடம் அதுதான். உயரம் என்றாலும் சில மீட்டர்களே. மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். மேலிருந்து பார்த்தால் நாற்புறமும் காட்டின் முகடு ஒரு பச்சைக் கம்பளமாகத் தெரிகிறது. அதற்கப்பால் சதுப்புநிலம் மின்னுகிறது.

கடலும் உப்புச் சேறும் சூழ்ந்த இம்மண்ணில் மரங்கள் எவ்வாறு நன்னீர் பெறுகின்றன? விடை நம் காலடியில் இருக்கிறது. மழைநீர் மணல்மேட்டிற்குள் இறங்கித் தங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆதலால், நிலத்தடியில் உள்ள உப்புநீரின்மேல் அது ஒரு வில்லையைப்போல் மிதந்து நிற்கிறது. மரவேர்கள் அந்நீரைப் பருகுகின்றன. அவ்வேர்களே காற்றில் மணல் பறந்துவிடாமல் பிடித்தும் வைக்கின்றன. மேடு மரத்தை வாழ்விக்கிறது. மரம் மேட்டைக் காக்கிறது. மணலை அள்ளினாலோ மரத்தை வெட்டினாலோ நன்னீர் வில்லை மெலியும், உப்புநீர் மேலெழும். கடற்கரை ஊர்களின் கிணறுகளுக்கும் இதே விதிதான்.

காற்று கற்பித்தது

2018 நவம்பர் 16 அன்று விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இரவை நம் பகுதியில் எவரும் மறக்கவில்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. பிள்ளையைப்போல் வளர்த்த மரங்கள் ஒரே இரவில் வீழ்ந்ததைக் கண்டு குடும்பங்கள் கலங்கின.

அதே இரவில் அதே காற்று கோடியக்கரைக் காட்டையும் தாக்கியது. மரங்கள் பல முறிந்தன. மான்களும் அங்குத் திரியும் மட்டக்குதிரைகளும் மடிந்தன. தோப்பில் விழுந்த மரத்தை எண்ணுவதற்கும் அதற்கு நிவாரணம் கேட்பதற்கும் உரியவர் இருந்தனர். காட்டில் விழுந்த மரத்திற்கு அவ்வாறு கேட்பார் எவர்?

முறிந்த பாலையின் அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர்கள் எழுவது உண்டு. காட்டிற்குத் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் இருக்கிறது. எனினும் அதற்குக் காலம் வேண்டும், இடமும் வேண்டும். அந்த இடத்திற்குப் போட்டியாக நிற்பது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், வெயில்படும் வெற்றிடங்களில் விரைந்து பரவும். அதன் இனிய காய்களைக் கால்நடைகளும் மட்டக்குதிரைகளும் மான்களும் தின்று, சாணத்தின் வழியே விதைகளைப் புதிய இடங்களில் இடுகின்றன. புல்வெளி சுருங்குகிறது, எஞ்சிய புல்லுக்கு இரலையும் குதிரையும் மாடும் போட்டியிடுகின்றன. வனத்துறையினர் சீமைக் கருவேலத்தை அகற்றி வருகின்றனர். அகற்றிய இடத்தில் மீண்டும் முளைப்பதைத் தொடர்ந்து களைய வேண்டியிருப்பதால் அப்பணி முடிவற்றதாக நீள்கிறது.

நடையின் ஒழுக்கம்

காட்டில் நடப்பதற்கு வலிமையைக் காட்டிலும் ஒழுக்கமே தேவை. வனத்துறையின் இசைவு பெற்ற பின்னரே உள்ளே செல்ல வேண்டும். காலைப்பொழுது ஏற்றது, வெயில் ஏறிய பிறகு விலங்குகள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். மண்ணின் நிறத்தையொத்த உடையும் மூடிய காலணியும் குடிநீரும் போதுமானவை. பாதையைவிட்டு விலகுதல் கூடாது. குரங்குக்கு நாம் இடும் ஒரு பிடி பொரி, அதனைக் கையேந்தவும் பின்னர்ப் பறிக்கவும் பழக்கிவிடும். கொண்டுசென்ற நெகிழிப்பையை நம்முடனே திரும்பக் கொண்டுவர வேண்டும். மான் அதனை உணவென்று விழுங்கினால் உயிர் பிழைப்பது அரிது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பேச்சைக் குறைக்க வேண்டும். பத்து நிமிடம் ஒரே இடத்தில் அமைதியாக நின்றால், நம் வரவால் அடங்கிய ஒலிகள் ஒவ்வொன்றாக மீளும். முதலில் பூச்சி, பிறகு பறவை, பிறகு சருகின்மேல் ஏதோ ஒன்றின் காலடி. காடு நம்மை விருந்தினராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

மீளும் பாதை

அழிந்த காட்டை மீண்டும் வளர்க்க இயலுமா? புதுச்சேரிக்கு அருகிலுள்ள ஆரோவில்லில் அரைநூற்றாண்டுக்கு முன் செம்மண் பொட்டலாக இருந்த நிலத்தில், கோயில் காடுகளிலிருந்து விதை திரட்டி, இதே உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களை வளர்த்துள்ளனர். மூலவிதை எஞ்சியிருந்ததாலேயே அது இயன்றது. கோடியக்கரையின் மதிப்பு இதனால் இன்னும் தெளிவாகிறது. படுகையில் எங்கேனும் ஒருநாள் பழைய காட்டை மீட்க எவரேனும் விரும்பினால், விதைக்காக அவர் வந்து நிற்க வேண்டிய வாயில்களுள் இதுவும் ஒன்று.

மாலையில் பேருந்து மீண்டும் ஒரத்தநாட்டை நோக்கித் திரும்புகிறது. உப்பளம், அலையாத்தி, தென்னை, வயல் எனக் காலையில் கண்டவை தலைகீழ் வரிசையில் வருகின்றன. வழியில் பெயர்ப்பலகைகளில் 'காடு' என முடியும் ஊர்கள் கடந்துசெல்கின்றன. காலையில் அச்சொல் வெறும் பெயர் விகுதியாகத் தோன்றியது. இப்போது அதற்குக் காயாவின் நீலமும் குருந்தின் மணமும் இரலையின் துள்ளலும் பொருளாக வந்து சேர்ந்திருக்கின்றன. சொல்லுக்குப் பொருள் நிலைத்திருக்க, அது குறிக்கும் மரம் மண்ணில் நிலைத்திருக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வட்டாரத்தில் காடு, ஏரி, குளம், மேடு, புலம் ஆகிய சொற்களில் முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, அப்பெயர்கள் குறிக்கும் இயற்கை அமைப்பு இன்றும் அங்கு உள்ளதா எனக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. முல்லை, மருதம், நெய்தல் ஆகிய திணைகளின் கருப்பொருள்களுள் நீங்கள் நேரில் கண்டவற்றைப் பட்டியலிட்டு, கண்ட இடத்தையும் காலத்தையும் குறிப்பிடுக.

3. 'புல்வெளியும் காட்டின் உறுப்பே' – இக்கருத்தை இரலையின் வாழ்க்கைமுறையைக் கொண்டு விளக்குக.

4. கஜா புயலின்போது உங்கள் ஊரில் வீழ்ந்த மரங்களைப் பற்றியும் அவற்றின் இடத்தில் இன்று நிற்பவற்றைப் பற்றியும் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.